பச்சை பலூன்கள்

என் செல்ல மகளுக்கு,

முன்னாள் படைவீரர் குடும்ப ஆதரவு மையத்தின் நிர்வாகக் குழு மூன்று கூட்டங்கள் நடத்தி, ஒரே ஒரு வாக்கு வித்தியாசத்தில் மாபெரும் முடிவொன்றை எடுத்தது. ஆண்டு விழாவுக்குப் பச்சை பலூன்கள்தான். நீலம் தோற்றுவிட்டது. துணைத்தலைவர் இன்னும் வருத்தத்தில் இருக்கிறார்.

அந்த மையத்தின் வியாழக்கிழமைக் கூட்டத்துக்குப் போகத் தொடங்கிய பிறகுதான் உன் அப்பா வாயைத் திறந்தார் என்பது உனக்குத் தெரியும். போன மாதம் என் சமையலைக்கூடக் குறை சொன்னார். எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை.

ரிப்பன் வெட்டுவது பழைய பாணியாம். செயலாளர் அம்மா மேடையேறி, குண்டூசியால் பலூன்களை வரிசையாக உடைத்தார். எதிரே, போரிலிருந்து திரும்பிய நாற்பது பேர்.

இரண்டாவது பலூன் உடைவதற்குள் நான் தரையில் கிடந்தேன். அப்பா என்மேல் கவிழ்ந்து, என் தலையை இரு கைகளாலும் மூடியிருந்தார்.

"வெறும் பலூன்தான் சார். இதுக்குப் போய் பயப்படலாமா?" என்று செயலாளர் மைக்கிலேயே கேட்டார்.

"அவர் பயப்படலைம்மா, என்னைக் காப்பாத்துறார். நீங்க முதல்ல அந்த ஊசியைக் கீழ வைங்க" என்றேன்.

என் முழங்கை வீக்கம் வடிந்துவிட்டது. நீ லீவு போட்டு ஓடிவர வேண்டாம். அப்பா நன்றாகத்தான் இருக்கிறார். என் முகத்தைப் பார்ப்பதில்லை, அவ்வளவுதான்.

விழாவைக் குலைத்துவிட்டாராம். மனநல மருத்துவரின் சான்றிதழ் இல்லாமல் இனி மையத்துக்குள் வரக்கூடாது என்று நேற்று கடிதம் வந்தது. நம் ஊருக்கு அந்த மருத்துவர் வியாழக்கிழமைதான் வருகிறார். மையத்தில்தான் உட்காருகிறார்.

உன் அம்மா