பட்டியலில் இல்லாத பதினொரு பேர்

அன்புள்ள பாப்பாவுக்கு அப்பா எழுதுவது,

இங்கே நானும் அம்மாவும் சுகம், என் மண்டை மட்டும்தான் சுகமில்லை. நீயும் மாப்பிள்ளையும் குட்டியும் சளி காய்ச்சல் இல்லாமல் இருப்பீர்கள் என்று நம்புகிறேன். நீ அனுப்பிய செய்தித்தாள் துண்டை மூன்று தரம் படித்தேன். நாடு முழுக்க ஐந்தாம் வகுப்புக்கு வைத்த பரீட்சையின் பட்டியலில் நம் மாநிலம் மேலே, நீ இருக்கும் மாநிலம் நாலு படி கீழே. அதை நம்பி, குட்டியை எங்களிடம் விட்டு ஐந்தாம் வகுப்பில், என் வகுப்பிலேயே சேர்க்கப்போவதாக எழுதியிருக்கிறாய். உன் அம்மா அதற்குள் குட்டியின் கட்டிலை எந்தச் சுவரோரம் போடுவது என்று அளந்தே பார்த்துவிட்டாள். எனக்குத்தான் ஒன்றும் ஓடவில்லை.

அங்கே குட்டியின் வகுப்பில் இருபத்திரண்டு பேர், ஒரு பிள்ளைக்கு ஆகும் அரசுச் செலவும் இங்கத்தியதைப் போல இரண்டு மடங்கு என்கிறார்கள். இங்கே என் வகுப்பில் ஐம்பத்தெட்டு பேர், பெஞ்சுக்கு ஐந்து பேர், ஓரத்து ஆள் ஒரு காலைத் தரையில் ஊன்றிக்கொண்டுதான் எழுத வேண்டும். அப்புறம் எப்படி நாங்கள் மேலே போனோம் என்று நீ கேட்கவில்லை, நானே சொல்லிவிடுகிறேன். பரீட்சைக்கு முந்தின நாள் தலைமையாசிரியை என்னைக் கூப்பிட்டு, "வாசிக்கத் திணறுறதுங்க நாளைக்கு ஒரு நாள் வீட்ல இருக்கட்டுமே சார், எல்லா ஸ்கூல்லயும் அதானே பண்றாங்க" என்றார். பதினொரு பேரிடம் நாளைக்கு லீவு என்று நான்தான் சொன்னேன், குதித்துக்கொண்டு ஓடினார்கள். வாயாடி என்று நான் கூப்பிடும் ஒருத்தி மட்டும் மறுநாள் பென்சிலைச் சீவிக்கொண்டு வந்து நின்றாள். அவளை நூலக அறையில் உட்காரவைத்துப் படம் வரையச் சொன்னேன்.

உங்கள் பக்கம் எல்லாப் பிள்ளைகளையும் எழுதவிட்டார்களோ, அங்கேயும் இதே கதையோ, தெரியவில்லை. சின்ன வகுப்பு என்றால் படிப்பு வருமா, பணம் போட்டால் வருமா, முப்பத்திரண்டு வருஷம் பாடம் நடத்தியும் எனக்கு விளங்கவில்லை. குட்டி இன்னும் எழுத்துக்கூட்டித்தான் வாசிக்கிறாள் என்று கடைசியில் எழுதியிருந்தாயே, அதைப் படித்ததிலிருந்து சோறு இறங்கவில்லை. அடுத்த பரீட்சைக்குப் பன்னிரண்டாவது ஆளாக அவளுக்கும் நான்தான் லீவு சொல்ல வேண்டிவரும். சொல்ல மாட்டேன் என்றுதான் நினைக்கிறேன். ஆனால் அந்தப் பதினொரு பேருக்கும் சொன்னவன் நான்தானே பாப்பா.

மூன்று பேரும் நன்றாக இருங்கள், என் ஆசி எப்போதும் உண்டு. குட்டியின் மாற்றுச் சான்றிதழை மட்டும் இப்போதைக்கு வாங்கிவிடாதே. உன் அம்மாவிடம் இதை நான் இன்னும் சொல்லவில்லை.

இப்படிக்கு,
குழம்பிப்போயிருக்கும் உன் அப்பா