சட்டைப்பையில் இருந்திருக்க வேண்டிய பியூஸ் கட்டை

மாப்ள,

உன் வீட்டுச் சுவரில் ஆணியில் தொங்கிக்கொண்டிருந்த பியூஸ் கட்டை இப்போது பெங்களூரில் என் மேசைமேல் இருக்கிறது. வெள்ளைப் பீங்கான். ஒரு ஓரம் பெயர்ந்திருக்கிறது, இரண்டு முனையிலும் பித்தளை நாக்கு. கயிறு கட்டித் தொங்கவிட்ட இடத்தில் அழுக்கேறிப் பழுப்பாகிவிட்டது. நாலு நாளாக இதைத் தள்ளி வைத்துவிட்டுத்தான் சாப்பிடுகிறேன். சாப்பிட்டு முடித்ததும் மறுபடி எடுத்துப் பார்க்கிறேன்.

உன் முப்பதாம் நாள் பூசைக்குப் புதுவயலுக்கு வந்திருந்தேன். அடக்கத்துக்கு வரவில்லை. லீவு கிடைக்கவில்லை என்று போனில் சொன்னேன், கேட்டிருந்தால் கிடைத்திருக்கும். பூசை முடிந்து, நான் வேண்டாம் வேண்டாம் என்றாலும் கேட்காமல் உன் வீட்டுக்காரி, நான் தங்கச்சி என்று கூப்பிடுகிறவள், இரண்டாம் தடவை சோறு வைத்து, வந்தவர்கள் எல்லாரும் கிளம்பிய பிறகு, ஸ்டூலைப் போட்டு ஏறி இதைக் கழற்றினாள்.

"இந்தாங்கண்ணே, இதை நீங்க கொண்டு போயிருங்க. இனிமே என்னால இதைப் பாத்துக்கிட்டு இருக்க முடியாது."

"இது எப்படிம்மா இங்க வந்துச்சு?"

"நான்தான் மில்லுல கேட்டு வாங்கியாந்தேன். ஆசுபத்திரியில இருந்து அவுக வந்த அன்னைக்கே மாட்டிட்டேன். பாக்குறப்பெல்லாம் புத்தி வரட்டும்னு. ஒரு நாளு, ஒரே ஒரு நாளு இதைப் புடுங்க மறந்துட்டு, சோத்துக் கையைக் குடுத்துட்டு வந்து நின்னாகளே."

நான் அதை வாங்கிப் பிளாஸ்டிக் பைக்குள் போட்டுக்கொண்டேன். காரைக்குடிக்கு டவுன் பஸ் ஏறி உட்கார்ந்த பிறகுதான் எனக்கு உறைத்தது. நீ அவளிடம்கூடச் சொல்லவில்லை. ஊருக்குச் சொன்ன பொய்யைத்தான் வீட்டுக்கும் சொல்லியிருக்கிறாய். இருபது வருஷத்துக்கு மேலாக அந்தச் சுவருக்கு எதிரே உட்கார்ந்து சாப்பிட்டிருக்கிறாய்.

நீ மறக்கவில்லை. பிடுங்காதே என்று சொன்னவன் நான்.

தொண்ணூறுகளின் முடிவு அது. நான் காரைக்குடியில் கம்ப்யூட்டர் பழுது பார்க்கும் கடையில் இருந்தேன். நீ புதுவயல் அரிசி மில்லில் வயர்மேன். பங்குப் பள்ளிக்கூடத்தில் ஒரே பெஞ்சில் இருந்த நம்மை அந்த மில்தான் திரும்பச் சேர்த்து வைத்தது. முதலாளி எதையோ படித்துவிட்டு, ஆபீசில் உட்கார்ந்தபடியே மில்லை ஓட்ட வேண்டும் என்று ஆசைப்பட்டார். செய்து தருகிறேன் என்று நான் ஏற்றுக்கொண்டேன். எனக்கும் அது ஒரு வெறி. ஒரு பெரிய ஊரில் வேலைக்குப் போய் நிற்க, காட்டுவதற்கு என்னிடம் ஒன்று வேண்டியிருந்தது.

சென்னையிலிருந்து போர்டு வந்த அன்று நீ அதைக் கையில் வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தாய். உள்ளங்கையைவிடக் கொஞ்சம் பெரியது. திரை கிடையாது, விசைப்பலகை கிடையாது. ஒரு பக்கம் நெட்வொர்க் கேபிள் சொருகும் ஓட்டை. இன்னொரு பக்கம் மோட்டார்களைப் போடவும் நிறுத்தவும் நான் பற்றவைத்துச் சேர்த்த ரிலேக்கள். "எங்கடா பொட்டியக் காணோம்? இதுவா கம்ப்யூட்டரு? அப்பளத்துக்கு வயர் கட்டுன மாதிரில்ல இருக்கு" என்றாய். ஆனால் ஆபீசிலிருந்து மில் கொட்டகை வரை எலி கடிக்காமல் குழாய்க்குள் கேபிள் இழுத்தது நீதான். ஒவ்வொரு ரிலேக்கும் பிளாஸ்திரி ஒட்டிப் பேர் எழுதியதும் நீதான். ஆயுத பூசைக்கு போர்டை வைத்து மூடிய பெட்டிக்கு நீயே சந்தனம் குங்குமம் வைத்து, குங்குமம் உள்ளே கொட்டி, நான் ஒரு மணி நேரம் பிரஷ்ஷால் துடைத்தேன்.

முதல் தடவை வேலை செய்த நாள் ஞாபகம் இருக்கிறதா? ஆபீஸ் கம்ப்யூட்டரில் பிரவுசரைத் திறந்து, போர்டின் எண்ணை அடித்தால், நான் எழுதிய பக்கம் வரும். நெல் காயவைக்கும் டிரையரின் சூடு எவ்வளவு என்று மேலே. கீழே மோட்டார்களுக்குப் பொத்தான்கள். நீ மௌஸைப் பயந்து பயந்து பிடித்து ஒன்றை அழுத்தினாய். எழுந்து கொட்டகைக்கு ஓடினாய். ஓடி வந்து, மூச்சு வாங்க, "சுத்துது மாப்ள" என்றாய். அன்றைக்கு நாம் இருவரும் சந்தோஷமாக இருந்தோம். அதை ஏன் மறைக்க வேண்டும்?

உனக்கென்று ஒரு முறை இருந்தது. எந்த இயந்திரத்துக்குள் கைவிடுவதாக இருந்தாலும் முதலில் போய் அதன் பியூஸ் கட்டையைப் பிடுங்குவாய். பக்கத்தில் நிற்பவருக்கு ஒரு தடவை தூக்கிக் காட்டுவாய். இடது சட்டைப்பையில் போட்டுக்கொள்வாய். அதன் பிறகுதான் ஸ்பேனரைத் தொடுவாய். "கட்டை என் பையில இருந்தா, கரண்டு என்னையக் கேட்டுத்தான் வரணும்" என்பாய். பித்தளை நாக்கு குத்திப் பை கிழிகிறது என்று தங்கச்சி உன் காக்கிச் சட்டைகளுக்கெல்லாம் பைக்குள் பழைய ஜீன்ஸ் துணி வைத்துத் தைத்திருந்தாள்.

அந்த முறையோடு என் போர்டுக்குத்தான் ஒத்துவரவில்லை. ஸ்டார்ட்டர்களுக்குப் போகும் அதே பியூஸிலிருந்து போர்டுக்கும் கரண்ட் எடுத்திருந்தேன். எட்டிப் பிடிக்க அதுதான் பக்கமாக இருந்தது. நீ கட்டையைப் பிடுங்கும்போதெல்லாம் போர்டும் சேர்ந்து படுத்துவிடும். பிளாப்பியிலிருந்து மறுபடி எழுந்து வரச் சில நிமிஷம் ஆகும். "வேற லைன்ல இருந்து எடுத்துக்கடா" என்று நீ இரண்டு தடவை சொன்னாய். அடுத்த வாரம் என்றேன். இரண்டு தடவையும் அதையே சொன்னேன்.

முதலாளியின் சொந்தக்காரர் பினாங்கிலிருந்து வந்திருந்த நாள் அது. ஏ.சி. அறை, சாத்திய கண்ணாடி ஜன்னல், மேசையில் இளநீர். "இங்குட்டு உக்காந்துக்கிட்டே அங்குட்டு ஓட்டலாம்னு சொன்னீகளே தம்பி, காட்டுங்க" என்றார் முதலாளி. நான் நெல் ஏற்றும் எலிவேட்டரைப் போட்டேன். ஓடியது. விருந்தாளி தலையாட்டினார். ஐந்து நிமிஷம்கூட ஆகியிருக்காது, மேசைமேல் இருந்த இன்டர்காம் அடித்தது. கொட்டகையிலிருந்து நீ பேசினாய்.

"சாக்கு நூலு சுத்திக்கிச்சு மாப்ள, அடியில அடைச்சு நிக்குது. நிறுத்து. கட்டையப் புடுங்கிட்டு எடுத்து விட்டுர்றேன்."

நிறுத்தும் பொத்தானை அழுத்தினேன். திரையில் நின்றுவிட்டது என்று வந்தது. பிறகு, முதலாளிக்குக் கேட்காத குரலில் சொன்னேன்: "நிறுத்திட்டேன். கட்டையப் புடுங்காத. புடுங்குனா போர்டு படுத்துரும், இவுக முன்னாடி மானம் போயிரும். அப்படியே கையை விட்டு எடுத்துரு."

"நீ பாத்துக்குவியா?" என்று கேட்டாய்.

"பாத்துக்குறேன்" என்றேன்.

போனை வைத்துவிட்டேன். விருந்தாளி டிரையரின் சூடு எவ்வளவு என்று கேட்டார். அது முதல் பக்கத்தில் இருந்தது. அந்தப் பக்கத்துக்குப் போக, பிரவுசரில் பின்னால் போகும் பொத்தானை அழுத்தினேன். உலகத்தில் எல்லாரும் செய்வதுதான். போன பக்கத்துக்குப் போ என்றால், பிரவுசர் தான் எடுத்து வைத்திருக்கும் பழைய நகலைக் காட்டிவிட்டுச் சும்மா இருக்கும். என்னுடையது இருக்காது. நகல் வைத்துக்கொண்டால் பழைய சூட்டையே காட்டுகிறது என்று, ஒவ்வொரு தடவையும் போர்டிடம் புதிதாகக் கேட்டு வாங்கும்படி எழுதியிருந்தேன். நிறுத்திய பக்கத்துக்கு முந்தைய பக்கம், மோட்டாரைப் போட்ட பக்கம். அந்தப் பக்கத்தைக் கேட்பதும் மோட்டாரைப் போடு என்று சொல்வதும் ஒன்றாகவே வைத்திருந்தேன். பிரவுசர் கேட்டது. போர்டு போட்டது.

ஜன்னல் சாத்தியிருந்ததால் எனக்கு எதுவும் கேட்கவில்லை. ஓடுகிறது என்று பச்சை எழுத்தில் திரையில் வந்தது. உன் சத்தத்தை நான் கேட்கவில்லை மாப்ள, படித்தேன்.

காரைக்குடியில் கட்டுப் போட்டு மதுரைக்குக் கொண்டுபோனார்கள். முழங்கைக்குக் கீழே எடுத்துவிட்டார்கள். மறுநாள் காலை நான் மில்லுக்குப் போய், மோட்டார் வயரைக் கழற்றிவிட்டு, அதே வரிசையில் செய்து பார்த்தேன். போடு, நிறுத்து, பின்னால் போ. ரிலே டக்கென்று விழுந்தது. நிறுத்தவே மனம் வராமல் திரும்பத் திரும்பச் செய்துகொண்டிருந்தேன்.

மதுரைக்கு வந்து கட்டிலுக்குப் பக்கத்தில் நின்று எல்லாவற்றையும் உன்னிடம் சொன்னேன். கண்ணை மூடிக்கொண்டு கேட்டாய். "ரிவர்ஸ் கியரைப் போட்டா முன்னால போற வண்டியச் செஞ்சு வெச்சிருக்கியேடா" என்றாய். அதற்குச் சிரிப்பதா அழுவதா என்று எனக்குத் தெரியவில்லை.

தொழிற்சாலை இன்ஸ்பெக்டர் ஆபீசிலிருந்து விசாரணைக்கு ஆள் வந்தபோது நானும் அந்த வார்டில்தான் இருந்தேன். மில்லில் என் பெட்டியைப் பார்த்து இது என்ன என்று கேட்டிருக்கிறார், கம்ப்யூட்டர் என்றிருக்கிறார்கள், சரி என்று போய்விட்டார். உன்னிடம் கேட்டார். "எப்பவும் பியூஸைப் புடுங்கிருவேன் சார். அன்னைக்கு மறந்துட்டேன்" என்றாய். என்னைப் பார்க்காமல் சொன்னாய். எழுதிக்கொண்டார். நான் வாயைத் திறக்கவில்லை. திறந்திருக்கலாம், அவர் படியிறங்கும் வரைக்கும் நேரம் இருந்தது.

அவர் போன பிறகு, ஏன் அப்படிச் சொன்னாய் என்று கேட்டேன். "நீ உள்ள போனா என் கை முளைச்சிருமா? போடா, போயி டீ வாங்கிட்டு வா" என்றாய். நான் போய் டீ வாங்கி வந்தேன். நீ குடிக்க நான்தான் தம்ளரைப் பிடித்தேன்.

அடுத்த வருஷம் நான் பெங்களூர் வந்துவிட்டேன். அந்த மில் வேலையைக் காட்டித்தான் வேலை கிடைத்தது. விபத்தைப் பற்றி யாரும் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. உனக்கு ஊனமுற்றோர் ஒதுக்கீட்டில் எஸ்.டி.டி. பூத் கிடைத்தது. நான் போன் செய்தால் இடது கையால் எடுத்து, "மீட்டர் ஓடுது, சீக்கிரம் பேசு" என்பாய், மீட்டர் எனக்குத்தான் ஓடுகிறது என்று தெரிந்தே. பிறகு ஆளாளுக்குச் செல்போன் வந்து பூத் போயிற்று. நான் போன் செய்வதும் குறைந்தது. இங்கே என்னிடம் வேலை செய்கிறவர்கள் என்னைக் கிறுக்கன் என்கிறார்கள். இயந்திரத்தின் பக்கத்தில், கையால் பிடுங்குகிற மாதிரி ஒன்று இல்லாமல் எந்தத் திட்டத்திலும் கையெழுத்துப் போட மாட்டேன். காரணம் கேட்டால் எரிந்து விழுவேன். அதையே பரிகாரம் என்று எண்ணிக்கொண்டிருந்தேன். வெட்கம் கெட்டவன்.

இதுவரை எழுதி மூடி வைத்திருந்தேன் மாப்ள. அதன் பிறகு புதுவயல் போய் வந்தேன்.

தங்கச்சி வாசலில் உட்கார்ந்து முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருந்தாள். "என்னண்ணே, திடீர்னு வாரீக" என்றாள். நான் நின்றுகொண்டே எல்லாவற்றையும் சொன்னேன். அவள் கை நிற்கவில்லை. கீரை முழுவதையும் உருவி முடித்த பிறகுதான் நிமிர்ந்தாள்.

"அவுக கேட்டாகளா, பாத்துக்குவியான்னு?"

"கேட்டான்."

"நீங்க என்ன சொன்னீக?"

"பாத்துக்குறேன்னு சொன்னேன்."

காம்புகளை ஒன்றாகக் கூட்டி ஒதுக்கினாள். "பால் வாங்க மறந்து வந்தாக்கூட, கையவே மறந்த மனுசனுக்கு இதெல்லாம் எங்க நெனப்புல நிக்கப் போவுதுன்னு கேப்பேன். சிரிச்சுக்கிட்டே திரும்பக் கடைக்குப் போவாக. இத்தனை வருசமும் திட்டுனேனேண்ணே. இப்ப அதை நான் எங்குட்டுப் போயிச் சொல்ல?"

உருவிய கீரையை முறத்தில் அள்ளிப் போட்டாள்.

"அதைக் கொண்டாந்திருக்கீகளா?"

பையிலிருந்து எடுத்தேன்.

"குடுங்க. அவுக மறந்த பொருளுன்னுதானே உங்ககிட்டக் குடுத்தேன்."

வாங்கிக்கொண்டு உள்ளே போனாள். இரும்புப் பெட்டியைத் திறக்கும் சத்தம் கேட்டது. எட்டிப் பார்த்தேன். உன் காக்கிச் சட்டை ஒன்றை எடுத்து உதறினாள். பியூஸ் கட்டையை முந்தானையில் துடைத்து, ஜீன்ஸ் துணி வைத்துத் தைத்த அந்த இடது பைக்குள் போட்டாள். சட்டையை, சுவரில் கட்டை முன்பு தொங்கிய அதே ஆணியில் மாட்டினாள். பை கனத்துச் சட்டை ஒரு பக்கமாகச் சாய்ந்து தொங்கியது.

வெளியே வந்து, "நேரமாகுது, பஸ்ஸு போயிரும்" என்றாள். சாப்பிட்டீகளா என்று கேட்கவில்லை.

பஸ்ஸில் இரண்டு தடவை என் கை பைக்குப் போனது, உள்ளே ஒன்றுமில்லை. திருப்பிக் கொடுக்க முடிந்ததைக் கொடுத்துவிட்டேன். நீ பாத்துக்குவியா என்று கேட்டதை மட்டும் யாரிடம் கொடுப்பது? அது என்னிடமேதான் இருக்கிறது, மாப்ள.