மேஜையில் பேசக் கூடாத பேச்சு

ஜனவரி 18

நாக்குக்காரருக்கு,

நலமா என்று கேட்கமாட்டேன். நெஞ்சைத் திறந்து, குழாய்களை மாற்றி வைத்து, எலும்பைக் கம்பி போட்டுக் கட்டி அனுப்பியிருக்கிறார்கள். அதற்குள் என்ன நலம்? உயிரோடு இருக்கிறீர்கள், இப்போதைக்கு அது போதும்.

நான் ஆஸ்பத்திரிக்கு வந்தது உங்களுக்குத் தெரியாது. நீங்கள் மயக்கத்தில் இருந்தீர்கள். கண்ணாடிக் கதவுக்கு வெளியே நின்று பார்த்தேன். நம் மகள் குட்டிக்குத் தைரியம் சொல்லிவிட்டு, பஸ் நிறுத்தத்தில் உட்கார்ந்து நன்றாக அழுதேன். இதை எழுதுவதில் எனக்கு வெட்கம் ஒன்றும் இல்லை. மூன்று வருஷமாக நான் தனியாக இருக்கிறேன் என்பதற்காக என் அழுகையும் தனிக்குடித்தனம் போய்விடுமா?

போன் இருக்கும்போது கடிதம் எதற்கு என்று கேட்பீர்கள். போனில் பேசினால் நலம் விசாரித்து முடிப்பதற்குள் நமக்குச் சண்டை வந்துவிடும். உங்கள் புதுக் குழாய்கள் அதற்கு இன்னும் பழகவில்லை. தவிர, கடிதத்தில் நீங்கள் குறுக்கே பேச முடியாது.

விஷயத்துக்கு வருகிறேன். நீங்கள் சாப்பிடுவதே இல்லையாம். தட்டை ஒற்றை விரலால் தள்ளி வைக்கிறீர்களாம். அந்த விரலை எனக்குத் தெரியும், முப்பது வருஷம் பார்த்தவள். அப்போது நீங்கள் தட்டைத் தள்ளினால் என் மனசுதான் கெட்டது. இப்போது தள்ளினால் புண் ஆறாது என்கிறார் டாக்டர். பாவம், குட்டி ஆபீஸுக்கு லீவு போட்டுவிட்டு வந்து, விதவிதமாகச் சமைத்துவிட்டு, கதவைச் சாத்திக்கொண்டு எனக்குப் போன் செய்கிறாள். அவளிடம் சொல்ல முடியாததை எனக்கு எழுதுங்கள். என்னதான் கஷ்டம்?

நான் திரும்பி வரப்போகிறேன் என்று இந்தக் கடிதத்தை வைத்து மனக்கோட்டை கட்ட வேண்டாம். தையல் கடையில் பள்ளி யூனிஃபார்ம் மலைபோல் குவிந்து கிடக்கிறது. தலைக்கு மேல் வேலை.

இப்படிக்கு,
சட்டப்படி இன்னும் உங்கள் மனைவி


ஜனவரி 24

அன்புள்ள தையல்காரம்மாவுக்கு,

உன் கடிதத்தைக் குட்டிக்குத் தெரியாமல் மூன்று தடவை படித்தேன். கஷ்டம் என்ன என்று கேட்டாய். சொல்லவே கூச்சமாக இருக்கிறது. என் நாக்கு போய்விட்டது.

பேச்சு நன்றாகத்தான் வருகிறது, கவலைப்படாதே. ருசிதான் இல்லை. சோறு ஈரப் பஞ்சு மாதிரி இருக்கிறது. முட்டை ரப்பர். தண்ணீர் குடித்தால் சாவியைச் சப்பினது மாதிரி ஒரு இரும்பு வாடை. பசி என்பதும் இல்லை. சாப்பாட்டு நேரம் வந்தால் வயிறு திரும்பிப் படுத்துக்கொள்கிறது. டாக்டர் இதைக் கேட்டுச் சிரிக்கிறார். "நிறைய பேருக்கு இப்படி வரும் சார். மயக்க மருந்து, மாத்திரை, உடம்பு பட்ட அதிர்ச்சி, எல்லாம் சேர்ந்தது. தானா திரும்பி வரும். அதுவரைக்கும் மருந்துன்னு நினைச்சு முழுங்குங்க" என்கிறார். எப்போது வரும் என்றால் கையை விரிக்கிறார்.

அவருக்கு நாக்கு என்பது உடம்பில் ஒரு உறுப்பு. எனக்கு அதுதானே உத்தியோகம்? ஒரு பிஸ்கட்டைக் கடித்து, மாவு எந்த மூட்டை, அடுப்பு எத்தனை டிகிரி ஏறிப்போனது என்று சொன்னவன். தொழிற்சாலையில் என் பெயரை யார் சொல்கிறார்கள்? "நாக்கு சார் வந்தாச்சா?" என்றுதானே கேட்பார்கள். போன வாரம் பார்க்க வந்த மேனேஜர் ஆசையாக ஒரு புது பிஸ்கட் கொண்டுவந்தார். கடித்தேன். வெண்ணெயா வனஸ்பதியா என்றுகூடத் தெரியவில்லை. "நல்லா இருக்கு" என்று சொல்லிவைத்தேன். நான் எதையும் நன்றாக இருக்கிறது என்று சொல்லிக் கேட்டதே இல்லை அவர். முகம் வெளுத்துப்போய், "நீங்க ரெஸ்ட் எடுங்க சார்" என்று எழுந்து போய்விட்டார்.

ஒன்று கேட்கிறேன், கோபப்படாதே. நீ திரும்பி வந்துவிடு. குட்டியின் லீவு முடியப்போகிறது. நம் சண்டையெல்லாம் சாப்பாட்டில்தானே? இனி அதற்கு வழியே இல்லை. நீ எதைச் சமைத்தாலும் ஒரு வார்த்தை குறை சொல்லமாட்டேன். நினைத்தாலும் சொல்ல முடியாது!

உன்,
நாக்கில்லாத நாக்குக்காரன்


ஜனவரி 31

நாக்குக்காரருக்கு,

கோபப்படாதே என்று எழுதிவிட்டால் கோபம் வராதா? கடிதத்தைக் கசக்கி எறிந்துவிட்டு, திரும்ப எடுத்து இஸ்திரிப் பெட்டியால் தேய்த்துப் படித்தேன்.

குறை சொல்ல முடியாததால் சொல்லமாட்டேன் என்பது என்ன வாக்குறுதி? கால் உடைந்தவன் இனி யாரையும் உதைக்கமாட்டேன் என்று சத்தியம் செய்த மாதிரி இருக்கிறது.

நான் உப்புக்கும் புளிக்கும் கோபித்துக்கொண்டா வீட்டை விட்டு வந்தேன்? சம்பந்தி வீட்டார் சாப்பிட வந்த அன்றைக்குக் காலையிலிருந்து கடையில் நின்று துணி வெட்டிவிட்டு, ஓடிவந்து சமைத்தேன். நீங்கள் ஒரு வாய் சாப்பிட்டுவிட்டு, கரண்டியைக் கீழே வைத்து, தொழிற்சாலையில் சொல்கிற மாதிரி "பத்துக்கு ஆறரை" என்றீர்கள். அவர்கள் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். பாத்திரம் கழுவும்போதுதான் அந்தச் சிரிப்பு என் முகத்திலேயே ஒட்டிக்கொண்டிருப்பது தெரிந்தது. இத்தனை வருஷமும் நான் உங்கள் வீட்டில் மனைவியாக இருந்தேனா, சாம்பிளாக இருந்தேனா என்று அன்றைக்குத் தோன்றிவிட்டது.

திரும்பி வருவதா வேண்டாமா என்பதை இப்போது சொல்லமாட்டேன். பார்க்கிறேன். அதுவரைக்கும் ஒரு ஏற்பாடு. குட்டி ஊருக்குக் கிளம்பட்டும். சமையலை நீங்கள் செய்யுங்கள். மெதுவாக நடமாடலாம், கனமாக எதையும் தூக்கக் கூடாது, அவ்வளவுதானே? வெங்காயம் ஒன்றும் கனம் இல்லை. ஞாயிற்றுக்கிழமை மதியம் நான் வருவேன், எதிரில் உட்கார்ந்து சாப்பிடுவேன். நான் எவ்வளவு சாப்பிடுகிறேனோ அவ்வளவு நீங்களும் சாப்பிட வேண்டும்.

ஒரே ஒரு சட்டம். மேஜையில் சாப்பாட்டைப் பற்றிப் பேச்சு கிடையாது. நல்லதும் கூடாது, கெட்டதும் கூடாது. சொல்லியே ஆக வேண்டும் என்றால் தபாலில் சொல்லுங்கள்.

ஞாயிற்றுக்கிழமை மட்டும் வருகிற,
மனைவி


மார்ச் 3

அன்புள்ள தையல்காரம்மாவுக்கு,

தபாலில் சொல்லலாம் என்றாய், சொல்கிறேன்.

அடுப்பைப் பற்ற வைக்கவே எனக்கு முதல் வாரம் ஒரு தீப்பெட்டி தீர்ந்தது. இப்போது கை தேறிவிட்டது. தொழிற்சாலை முறையில்தான் செய்கிறேன். சின்னத் தராசை வாங்கி வைத்துக்கொண்டேன். வெங்காயம், பூண்டு, மீன், எல்லாம் எடை. உப்பு டாக்டர் சொன்ன அளவுக்கு ஒரு சிட்டிகைகூட மீறுவதில்லை. பூண்டு வதங்குவதற்குக் கடிகாரம் வைத்து நிற்கிறேன். இத்தனை ஒழுங்காகச் செய்தது எப்படி மோசமாக இருக்க முடியும் என்று எனக்கு நானே சொல்லிக்கொள்கிறேன். எனக்குத்தான் பஞ்சு, உனக்கு நன்றாகத்தானே இருக்கிறது?

போன ஞாயிறு மீனை இரண்டாம் தடவை போட்டுக்கொண்டாய். நான் பார்த்தேன். "இன்னும் கொஞ்சம் சூப் இருக்கா?" என்றுகூடக் கேட்டாய். எனக்குப் பெருமை தாங்கவில்லை. ஒரு மார்க் போடேன் என்று நாக்கு நுனி வரைக்கும் வந்துவிட்டது. சட்டத்துக்குப் பயந்து விழுங்கினேன்.

எடை ஏறியிருக்கிறது என்று டாக்டர் முதுகில் தட்டினார். புண் காய்ந்துவிட்டது. ஆனால் ஒரு உண்மையைச் சொல்லிவிடுகிறேன். மற்ற நாள்களில் மருந்துபோல்தான் விழுங்குகிறேன். நீ எதிரில் உட்கார்ந்தால் மட்டும் இறங்குகிறது. நீ ஒரு வாய், நான் ஒரு வாய். தட்டு காலியானதே தெரிவதில்லை. உன்னோடு உட்கார்ந்து சாப்பிட எனக்குப் பிடித்திருக்கிறது. இதை நான் இதற்கு முன் சொன்னதாக ஞாபகம் இல்லை.

தொழிற்சாலையில் நாக்கு திரும்பும்வரை ஸ்டோரில் உட்காரச் சொல்கிறார்கள். போகமாட்டேன் என்று சொல்லிவிட்டேன். வந்தால் என் நாற்காலிக்குத்தான் வருவேன்.

மீன் எப்படி இருந்தது? தபாலில் சொல்லலாம்.

உன்,
சமையல்காரன்


மார்ச் 11

சமையல்காரருக்கு,

மார்க் எல்லாம் போடமாட்டேன். கேட்காதீர்கள்.

போன ஞாயிறு நீங்கள் பாத்திரம் எடுக்கத் திரும்பும்போது பார்த்தேன், சட்டை உங்கள் மேல் கொடியில் காய்கிற மாதிரி தொங்குகிறது. தோள் இரண்டு விரல் இறங்கியிருக்கிறது. கண்ணாலேயே அளவு எடுத்துக்கொண்டு இரண்டு சட்டை தைத்து அனுப்பியிருக்கிறேன். நெஞ்சுத் தழும்பில் உரசாமல் இருக்க உள்ளே மெல்லிய துணி வைத்திருக்கிறேன். கொஞ்சம் தளர்வாகத்தான் தைத்தேன். நீங்கள் அதற்குள் நிரம்பிவிடுவீர்கள்.

ஸ்டோருக்குப் போகாதது சரிதான். உங்கள் திமிர் திரும்பி வந்துவிட்டது, நாக்கும் பின்னாலேயே வரும். எனக்குச் சந்தேகமே இல்லை.

குட்டி என்னை, அப்பா வீட்டுக்குப் போகிறாயா, அவரோடு என்ன பேசுகிறாய் என்று துளைத்து எடுக்கிறாள். "சாப்பாட்டைத் தவிர எல்லாம் பேசுறோம்" என்றேன். "அப்படின்னா முதல் தடவையா பேசிக்கிறீங்க" என்கிறாள். வாயைப் பாருங்கள், யாரிடமிருந்து வந்தது என்று சொல்ல வேண்டியதில்லை.

என்னோடு உட்கார்ந்து சாப்பிடப் பிடித்திருக்கிறது என்று எழுதியிருந்தீர்கள். அந்த வரியை மட்டும் நிறைய தடவை படித்தேன்.

ஞாயிறு வருகிறேன்,
மனைவி


ஏப்ரல் 9

அன்புள்ளவளே,

இன்று காலை என் நாக்கு திரும்பி வந்தது.

ஞாயிற்றுக்கிழமை சூப் கொஞ்சம் மிச்சம் வைத்திருந்தேன். சுடவைத்துக் குடித்தேன். முதல் வாயில் நாக்கின் ஓரத்தில் என்னவோ ஒன்று எட்டிப் பார்த்தது. இரண்டாவது வாயில் பூண்டு தெரிந்தது, கருகிய பூண்டு. கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. கருகினால் என்ன, பூண்டு பூண்டுதானே! மூன்றாவது வாயில் இன்னொன்று தெரிந்தது. தித்திப்பு.

மீன் மிச்சத்தை எடுத்துக் கடித்தேன். அதுவும் தித்திப்பு. அடுப்பு மேல் தட்டில் இருந்த டப்பாவைத் திறந்து விரலை நக்கினேன். உப்பு இல்லை. தொழிற்சாலையில் பிஸ்கட்டுக்குப் போடுகிற பொடிச் சர்க்கரை, எப்போதோ நானே கொண்டுவந்து வைத்தது. இத்தனை நாளும் அதைத்தான் கிராம் பிசகாமல் நிறுத்து, சூப்பில், மீனில், முட்டையில், எல்லாவற்றிலும் போட்டிருக்கிறேன். வெள்ளையாக இருந்தது, பொடியாக இருந்தது, நிறுத்தேன். நக்கிப் பார்த்தால் மட்டும் எனக்கு என்ன தெரிந்திருக்கும்?

சமையலறைத் தரையில் உட்கார்ந்து சிரித்தேன். நெஞ்செலும்பு வலிக்கும்வரை சிரித்தேன். அப்புறம் நீ அந்த மீனை இரண்டாம் தடவை போட்டுக்கொண்டது ஞாபகம் வந்தது. சிரிப்பு நின்றுவிட்டது.

இன்னும் கொஞ்சம் சூப் கேட்டாயே, அம்மா. அந்தச் சூப்பையா?

எனக்கு எழுத வரவில்லை. ஒன்றே ஒன்று சொல். ஏன் ஒரு வார்த்தை சொல்லவில்லை? மேஜையில்தானே சட்டம்? தபாலில் சொல்லியிருக்கலாமே.

போனில் விஷயத்தைச் சொன்னதும், திங்கட்கிழமை முதல் என் நாற்காலிக்கே வரச் சொல்லி மேனேஜர் கூப்பிட்டுவிட்டார். அந்தச் சந்தோஷத்தைக்கூட உன்னிடம் சொன்ன பிறகுதான் படலாம் என்று வைத்திருக்கிறேன். திரும்பி வந்துவிடு என்று இனி கேட்கமாட்டேன். கேட்க வாய் வரவில்லை. ஞாயிற்றுக்கிழமை மட்டும் வா. உப்புப் போட்டுச் சமைக்கிறேன்.

உன்,
கணவன்


ஏப்ரல் 11

என் கணவருக்கு,

முதல் ஞாயிறே தெரிந்துவிட்டது. ஒரு வாய் வைத்ததும் சொல்லத்தான் வாயைத் திறந்தேன். நீங்கள் விழுங்கிவிட்டு என்னையே பார்த்துக்கொண்டிருந்தீர்கள். கழுத்தெலும்பு துருத்திக்கொண்டு, பரீட்சை எழுதிவிட்டு வந்த பிள்ளை மாதிரி. நான் ஒரு வார்த்தை சொன்னால் நீங்கள் கரண்டியைக் கீழே வைத்துவிடுவீர்கள், அப்புறம் எடுக்கமாட்டீர்கள் என்று தெரிந்தது. நானும் விழுங்கினேன். தபாலில் சொல்லியிருந்தால் மட்டும் மறுநாள் நீங்கள் அடுப்பைப் பற்ற வைத்திருப்பீர்களா? உங்களுக்குச் சோறு இறங்க வேண்டும். அதற்கு முன்னால் சர்க்கரை என்ன, வேப்பெண்ணெய் ஊற்றியிருந்தாலும் இரண்டாம் தடவை கேட்டிருப்பேன்.

உடனே என்னைத் தெய்வமாக்கிச் சுவரில் மாட்ட வேண்டாம். உப்பே இல்லாமல் சாப்பிட்டால் பரவாயில்லையா என்று டாக்டரிடம் கேட்டு வைத்துக்கொண்டுதான் சும்மா இருந்தேன். மூன்றாவது வாரத்திலிருந்து எனக்கு வேடிக்கையாகக்கூட இருந்தது. கடையில் இருக்கிற பெண்களுக்கு ஒவ்வொரு திங்கட்கிழமையும் "நேத்து முட்டை, கேக் மாதிரி" என்று கதை சொல்லிச் சிரிக்க வைப்பேன். ஞாயிறு உங்கள் வீட்டிலிருந்து திரும்பும்போது பஸ் நிறுத்தத்தில் உப்புக்கடலை வாங்கித் தின்றுவிட்டுத்தான் ஏறுவேன். உங்கள் நாக்கு விழிக்கிற அன்றைக்கு நான் எதிரில் உட்கார்ந்து அந்த முகத்தைப் பார்க்க வேண்டும் என்று ஆசையாகக் காத்திருந்தேன். நீங்கள் தனியாகச் சூப் குடித்து என்னை ஏமாற்றிவிட்டீர்கள். அதற்கு மட்டும்தான் இப்போது கோபம்.

இனி நான் சொல்ல வேண்டியது. ஞாயிற்றுக்கிழமை நான் வரமாட்டேன்.

அந்த வீட்டுக்கே இனி வரமாட்டேன். அந்த அடுப்படியில் நின்றது போதும். நான் இங்கே சொந்தமாகச் சம்பாதித்து, எனக்குப் பிடித்த நேரத்தில் சாப்பிட்டு, நிம்மதியாக இருக்கிறேன். அதை விட்டுவிட்டு வர எனக்கு மனசில்லை. ஆனால் உங்கள் எதிரில் உட்கார்ந்து சாப்பிட்டது எனக்கும் பிடித்திருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை மட்டும் என்பது எனக்குப் போதவில்லை.

கடைக்குப் பின்னால் இருக்கிற என் வீட்டில் ஒரு அறை, ஒரு சமையலறை. உங்கள் தொழிற்சாலைக்கு இங்கிருந்து ஒரே பஸ். நான் கடையைச் சாத்திவிட்டு வரும்போது நீங்கள் சமைத்து வைத்திருக்க வேண்டும். சர்க்கரை போட்டால் இனி பேசாமல் விழுங்கமாட்டேன், அப்போதே சொல்வேன். நான் சமைக்கிற அன்றைக்கு நீங்களும் சொல்லலாம். ஆனால் கரண்டியைக் கீழே வைக்காமல், சாப்பிட்டுக்கொண்டே சொல்ல வேண்டும். மேஜைச் சட்டத்தை இன்றோடு எடுத்துவிட்டேன்.

சம்மதம் என்றால் பதில் எழுதிக்கொண்டிருக்க வேண்டாம். ஞாயிற்றுக்கிழமை மதியத்துக்குள் வந்துவிடுங்கள்.

வரும்போது உங்கள் தலையணையை எடுத்துக்கொண்டு வாருங்கள். இங்கே ஒன்றுதான் இருக்கிறது.

இப்படிக்கு,
உங்கள் மனைவி