எந்தப் பக்கத்திலும் இல்லாத படம்

ஏரல் பாத்திரக்கடையின் இணையதளத்தில் இடம் நிறைந்துவிட்டது. புதிதாக வந்த குத்துவிளக்குகளின் படங்கள் ஏற மறுக்கின்றன என்று கடைக்கார அண்ணாச்சி காலையில் கூப்பிட்டுச் சொன்னார். எந்தப் பக்கத்திலும் இடம்பெறாமல் சும்மா கிடக்கும் படங்களைத் தேடித் தரும் கருவியை ஓடவிட்டேன். அது சற்று நேரம் சுற்றிவிட்டு, ‘பயன்படாதவை’ என்ற தலைப்பின் கீழ் சின்னச் சின்னச் சதுரங்களாக அடுக்கிக் காட்டியது. மங்கலான ஒரு தவலை, இருமுறை ஏற்றப்பட்ட இட்லிச் சட்டி, எப்போதோ போட்ட தீபாவளி விளம்பரம். அவற்றின் நடுவே நீ. மாறுகண் போட்டு, நாக்கை நீட்டிக்கொண்டு.

எல்லாவற்றையும் அழித்துவிடவா என்று கருவி கேட்டது. நான் கையை எடுத்துக்கொண்டேன்.

நீ அங்கே எப்படி வந்தாய் என்று எனக்குத் தெரியும். பாளையங்கோட்டையில் ஜெராக்ஸ் கடைக்கு மேலே இருந்த ஒற்றை அறையில் நாம் இணையதளங்கள் செய்துகொடுத்தபோது, நிரல் எழுதுவது உன் வேலை, படங்களைச் சரிசெய்து ஏற்றுவது என் வேலை. ஏற்றிய படத்திலிருந்து சிறிதும் பெரிதுமாகப் பல பிரதிகளைத் தளம் தானே உண்டாக்கிக்கொள்ளும். அது ஒழுங்காக நடக்கிறதா என்று பார்க்க ஒரு படம் வேண்டும். நான் ஏதாவது பூவை ஏற்றுவேன். நீ மடிக்கணினியின் கேமராவைத் திறந்து, அந்த நிமிடத்திலேயே உன் முகத்தை எடுத்து ஏற்றுவாய்.

“ஏட்டி, பூவு நெளிஞ்சு போனா யாருக்குத் தெரியும்? மூஞ்சி கோணுச்சுன்னா ஒடனே தெரிஞ்சிரும்லா.”

“ஒம் மூஞ்சி கோணலா இருக்கது தளத்தாலயா, பிறவியிலயான்னு நான் எப்படிக் கண்டுபிடிக்க?” என்று நான் கேட்டதற்கு அழிரப்பரை எடுத்து எறிந்தாய்.

சோதித்து முடித்ததும் பக்கத்திலிருந்து எடுத்துவிடுவாய். படத்தை அழிக்கமாட்டாய். “கெடந்துட்டுப் போட்டும், யாரு பாக்கப் போறா?” என்பாய். யாராவது பார்க்கிற இடத்தில் நீ படத்துக்கு நின்றதே இல்லை. என் கைப்பேசியில் நீ இருக்கும் படங்களில் எல்லாம் உன் உள்ளங்கைதான் இருக்கிறது.

உன் நிரல் எல்லாம் பத்திரமாக இருக்கிறது, தெரியுமா? நீ மாற்றிய ஒவ்வொரு வரியையும், மாற்றுவதற்கு முன் இருந்த வரியையும் நிரலைச் சேமிக்கும் கருவி வைத்திருக்கிறது. ஒவ்வொரு மாற்றத்துக்கும் நீ எழுதிய குறிப்பும் இருக்கிறது. ‘மெனு சரியாச்சு. இனி எவளாவது தொட்டா கைய ஒடிப்பேன்’ என்பது எனக்கு எழுதியது. படங்களை மட்டும் அதற்குள் சேர்க்கக் கூடாது என்பது உன் சட்டம். “படத்தையும் உள்ள திணிச்சா நெல்லு மூடை கணக்கா கனக்கும் ட்டி. வெளியவே கெடக்கட்டும்.” அதில் தவறில்லை, எல்லோரும் அப்படித்தான் செய்கிறார்கள். ஆனால் நீ என்றைக்கோ நீக்கிய ஒரு புள்ளியைக்கூட இன்று என்னால் மீட்க முடியும். உன் முகத்தை அழித்தால் அழித்ததுதான்.

அந்த முகம்தான் இப்போது உன் அம்மாவுக்கு வேண்டியிருந்தது.

அடுத்த ஞாயிறு சபையில் உனக்கு முதலாம் ஆண்டு நினைவு ஆராதனை. பீடத்துக்கு அருகில் சட்டம் போட்ட படம் வைப்பார்கள். அடக்கத்தின்போது வைத்தது கல்லூரி அடையாள அட்டையிலிருந்து பெரிதாக்கிய படம். புள்ளிபுள்ளியாக உதிர்ந்து, உன்னைப் போலவே இல்லாத யாரோ ஒரு பெண். உடம்புக்கு முடியாமல் போனபிறகு கைப்பேசியில் இருந்த உன் படங்களை எல்லாம் நீயே அழித்திருந்தாய். நான் அத்தை என்று கூப்பிடும் உன் அம்மா போன வாரம் கேட்டார்கள்: “ஒங்கிட்டயாவது ஒண்ணு இருக்காதா ஏளா? வளந்த பெறகு எடுத்தது? அந்தப் படத்தப் பாத்தா எம் பிள்ள மாதிரியே இல்லையே.” இல்லை அத்தை என்று சொல்லிவிட்டு வந்திருந்தேன்.

அண்ணாச்சியைக் கூப்பிட்டேன். உங்கள் தளத்தில் அவள் படம் ஒன்று கிடக்கிறது, எடுத்துக்கொள்கிறேன், இடத்துக்கு வேறு எதையாவது அழிக்கிறேன் என்றேன்.

“எந்தப் பிள்ள? சிரிச்சுக்கிட்டே பேசுமே, அதா?” ஆமாம் என்றேன். “நீ எடுத்துக்கோம்மா. ஆனா இங்கன உள்ளதும் அங்கனயே இருக்கட்டும். எடம் பத்தலேன்னா மொத பக்கத்துல நான் மாலையப் போட்டுக்கிட்டு நிக்கேம்லா, அதத் தூக்கிக் கடாசு.”

நாக்கை நீட்டிய படத்தைப் பீடத்துக்கு அருகில் எப்படி வைப்பது? நாம் செய்த மற்றத் தளங்களுக்குள் போனேன். பயிற்சி நிலையத்தின் தளம் இப்போது வேறு யாரிடமோ இருக்கிறது. பழையது எதுவும் மிச்சமில்லை. முக்கூடல் விதைக்கடையில் நீ கிடைத்தாய். வெண்டை விதைப் பொட்டலத்தை மூக்குக்குக் கீழே மீசையாகப் பிடித்திருந்தாய். மிச்சம் இருந்தது நாங்குநேரி கல்யாண மண்டபம். அது நீ வீட்டிலிருந்தபடியே முடித்துக் கொடுத்த கடைசி வேலை.

அந்த மாதங்களில் என்னை நீ வரவிடவில்லை. “நல்லாத்தான் இருக்கேன் ட்டி. வந்து என்னத்தப் பாக்கப் போற? நீ அழுவ, ஒன்னயத் தேத்துததுக்கு எனக்குத் தெம்பு கெடையாது” என்றாய். வாசல்வரை வருகிறேன் என்றபோது, வந்தால் இனிமேல் பேசமாட்டேன் என்றாய். சொன்னதைச் செய்கிறவள் நீ. தினமும் போனில் வேலையைப் பற்றி மட்டும் பேசினோம். படங்கள் மெதுவாக வருகின்றன என்று நான் சொல்வேன், மறுநாள் சரியாகியிருக்கும். குரலை வைத்து உன் முகத்தை ஊகித்துக்கொண்டிருந்தேன். பழைய முகத்தையே ஊகித்திருக்கிறேன்.

மண்டபத்தின் படங்களில், பந்திக்கூடத்துக்கும் மணமேடைக்கும் பக்கத்தில், அந்தச் சதுரம் இருந்தது. தலையில் நீலத் துணி கட்டியிருந்தாய். புருவம் இல்லை. கோமாளித்தனம் எதுவும் செய்யவில்லை. நான் எழுந்து போய்க் குழாயைத் திறந்து, கையை நனைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றேன்.

மாலையில் மூன்றையும் எடுத்துக்கொண்டு அத்தையிடம் போனேன். நீலத் துணிப் படத்தைக் காட்டலாமா என்று வழியெல்லாம் யோசித்தேன். மறைத்துவைக்கவும் மனம் வரவில்லை. முதல் இரண்டையும் பார்த்து அத்தை வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள். சிரிப்பு எந்த இடத்தில் அழுகையானது என்று எனக்குத் தெரியவில்லை. மூன்றாவதைப் பெரிதாகத் திறந்தேன். சதுரமாக வெட்டிய சிறுபிரதியில் உன் முகம் மட்டும்தான் இருந்தது. முழுப்படம் அகலமானது. உனக்குப் பின்னால், சன்னலை ஒட்டி, கையில் பையோடு ஒருவர் நின்றிருந்தார்.

“இது நாந்தான்லா,” என்றார்கள் அத்தை.

பிறகு மெதுவாகச் சொன்னார்கள். “ஆஸ்பத்திரிக்குப் போக ஆட்டோ வந்து நிக்கி. இவ கம்ப்யூட்டர் பொட்டியத் தொறந்து வச்சுக்கிட்டு ஒக்காந்திருக்கா. வாட்டின்னு கத்துதேன். ‘எம்மா, ரெண்டு நிமிசம் தள்ளி நில்லு, வெளிச்சத்த மறைக்காத’ன்னா. படம் எடுக்கான்னு எனக்குத் தெரியாதே. நான் கோவமால்லா நிக்கேன்.”

உண்மைதான். படத்தில் அத்தைக்குக் கோபம். நீ வளர்ந்த பிறகு நீயும் அம்மாவும் சேர்ந்து இருக்கும் படம் அது ஒன்றுதான் என்று பிறகு சொன்னார்கள்.

சபைக்கு எதை வைப்பது என்று நான் கேட்டேன். அத்தை கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடியும் பார்த்தார்கள்.

“நாக்க நீட்டுனத வை.”

“அத்தை, பாஸ்டர் ஏதாவது...”

“சொல்லட்டும். அவரு பிரசங்கத்துக்கே இவ பின்னால இருந்து அப்படித்தான செஞ்சா.” பிறகு நீலத் துணிப் படத்தைத் தொட்டார்கள். “இது யாருக்கும் வேண்டாம். இது எனக்கு. ஒனக்கு வேணும்னா நீ ஒண்ணு வச்சுக்கோ.”

நான் வைத்துக்கொண்டேன். நீ என்னைப் பார்க்கவிடாத முகத்தை, உன்னைக் கேட்காமல் பார்த்துவிட்டேன். உன்னிடம் அதற்கு மன்னிப்புக் கேட்கப்போவதில்லை. பதிலுக்கு, நீ சொன்னபடி நான் வராமல் இருந்த மாதங்களுக்காக உன்மீது எனக்குக் கோபம் இருக்கிறது, அதையும் விடப்போவதில்லை. உன்னை நினைத்தால் இப்போதெல்லாம் மற்ற முகங்களுக்கு முன்னால் அந்த முகம்தான் வருகிறது. அதில் நீ அழவில்லை, சிரிக்கவும் இல்லை. வலியைக்கூட நான் அதில் தேடித்தான் பார்த்தேன். கண்ணைச் சற்றுச் சுருக்கி, திரையையே கவனித்துக்கொண்டிருக்கிறாய், படம் சரியாக ஏறுகிறதா என்று.