கோயிலுக்குக் கோணலாக ஒரு பள்ளிக்கூடம்

மே 6, செவ்வாய்

அக்னி நட்சத்திரம், மூன்றாம் நாள். ஒன்பது மணிக்கே லேப்டாப்பின் அடியில் கை வைக்க முடியவில்லை. கரண்ட் இரண்டு முறை போனது.

இன்றைக்கு:
– பள்ளிக்கூட மாடலில் ஜன்னல்கள் போட வேண்டும்
– ரீனாவுக்குச் செருப்பு
– அம்மாவின் மாத்திரை (நேற்றே மறந்தாயிற்று)

ஞாயிற்றுக்கிழமை எங்கள் மாதா கோயில் பங்குப் பேரவைக் கூட்டம். பள்ளியின் புதிய கட்டடம் எப்படி நிற்கும் என்று அன்று முடிவாகிவிடும். பேரவைச் செயலாளர் தாமஸ் சார் (இனி தா.சா.) பென்சிலில் ஒரு படம் போட்டு வைத்திருக்கிறார். நீளப் பக்கம் முழுவதும் ரோட்டைப் பார்த்து, அதாவது மேற்கே. வரிசையாகக் கண்ணாடி ஜன்னல். மேலே பெரிய எழுத்தில் பள்ளியின் பெயர், பஸ்ஸில் போகிறவர்களுக்குத் தெரியும்படி.

பிள்ளைகளை அடுப்பில் உட்கார வைப்பதற்குக் கண்ணாடி வேறு.

என்னுடையது: கட்டடத்தைத் திருப்பிவிடுவது. குட்டைப் பக்கம் ரோட்டுக்கு, நீளப் பக்கங்கள் வடக்கும் தெற்கும். சாஃப்ட்வேரில் இரண்டையும் போட்டு, வருடம் முழுக்க மணிக்கு மணி வெயிலை ஓட்டிப் பார்த்தேன். வானிலைக் கோப்பு திருச்சியுடையது, எங்கள் ஆவூர்ப் பக்கத்துக்கு அதுதான் கிட்டத்தில். தா.சா. படத்தில் மாலை வகுப்புகள் எல்லாம் சிவப்பு. என்னுடையதில் மஞ்சள், மூலையில் கொஞ்சம் பச்சை.

இன்னும் ஒரு செங்கல் வைக்கவில்லை. இப்போது கோட்டைத் திருப்ப ஒரு சொடுக்கு போதும். கட்டிய பிறகு யார் திருப்புவது?

மே 7, புதன்

வெயில். காற்றே இல்லை. ஃபாதர் அறையில் லேப்டாப்பைத் திறந்து காட்டினேன். தா.சா.வும் இருந்தார்.

"செவப்பா இருந்தா சூடுங்கிற. அந்தக் கலர மாத்திட்டாப் போச்சு" என்றார்.

ஃபாதர் சிரித்தார். நான் சிரிக்கவில்லை.

"முப்பத்தாறு வருசம் அந்த ஷீட் ரூம்ல பாடம் எடுத்திருக்கேன் செலினு. எவன் செத்தான்?" என்றார் தா.சா.

"நான் மயங்கி விழுந்தேன் சார். அஞ்சாப்புல. நீங்கதான் தண்ணி தெளிச்சீங்க."

"அது நீ காலைல சாப்பிடாம வந்தது."

சாப்பிட்டுத்தான் வந்தேன். பழைய சோறும் கருவாடும். இருபத்தைந்து வருடம் கழிந்தும் நன்றாக ஞாபகம் இருக்கிறது, ஏனென்றால் அத்தனையும் வெளியே வந்தது. இப்போது என் மகள் ரீனா அதே பள்ளியில் இரண்டாம் வகுப்பு. இந்த முறை நான் விடுவதாக இல்லை.

மே 8, வியாழன்

சாயங்காலம் டேப்பும் கயிறும் எடுத்துக்கொண்டு இடத்துக்குப் போனேன். நான்கு மணி. 

மாடலில் நான்கு மணிக்குக் கொடிமரத்து நிழல் கோயில் வாசற்படியில் விழுகிறது. நேரில் படியை விட்டு விலகி, மாதா சிலை வைத்த கெபி இருக்கும் பக்கம் கிடக்கிறது. செல்போனில் திசைகாட்டியைப் பார்த்தேன். நம்பாமல் சாட்டிலைட் படத்தையும் பார்த்தேன்.

கோயில் கிழக்கு மேற்காக இல்லை. ஏறக்குறைய முப்பது டிகிரி திரும்பி நிற்கிறது.

நான் கோயிலை வைத்துத்தான் மாடலில் திசை போட்டேன். பீடம் இருப்பது கிழக்கு, வாசல் மேற்கு. சரிபார்க்கத் தோன்றவேயில்லை. எங்கள் ஊரில் திசை கேட்டால் யாரும் வானத்தைப் பார்க்க மாட்டார்கள், கோயிலைப் பார்ப்பார்கள். கட்டடக்கலை படித்துப் பட்டம் வாங்கி, புதுக்கோட்டையில் ஆபீஸும் போட்டு, நானும் கோயிலையே பார்த்திருக்கிறேன். வெட்கக்கேடு.

மே 9, வெள்ளி

வேறு வேலை எதையும் தொடவில்லை. வடக்கைச் சரிசெய்து திரும்ப ஓட்டினேன். ஃபேன் சத்தம், லேப்டாப் சத்தம், அம்மாவின் சீரியல்.

முடிவு: தா.சா. படம் இன்னும் மோசம்தான். ஆனால் என்னுடையதும் யோக்கியமில்லை. நான் வடக்கு என்று நினைத்து, மறைப்பே வைக்காமல் திறந்துவிட்ட பக்கத்தில் கோடை மாலை வெயில் நேராக உள்ளே வருகிறது. மஞ்சள் ஆரஞ்சாகிவிட்டது.

கட்டடத்தை உண்மையான வடக்குக்குத் திருப்பி மூன்றாவதாக ஒன்று போட்டேன். மஞ்சள் திரும்பி வந்தது, முன்பைவிடப் பச்சையும் கூடுதல். ஆனால் அது கோயிலுக்கும் கோணல், ரோட்டுக்கும் கோணல். மேலிருந்து பார்த்தால் யாரோ காலால் எத்திவிட்டது போல இருக்கிறது.

யாருக்கும் தெரியாது. பழைய படத்தையே காட்டிவிட்டுப் பேசாமல் இருக்கலாம். மதியம் முழுவதும் அதையே நினைத்துக்கொண்டிருந்தேன். பயமாகத்தான் இருக்கிறது. ஆனால் பொய்யான மஞ்சளைக் காட்டினால், கலரை மாற்றச் சொன்னவருக்கும் எனக்கும் என்ன வித்தியாசம்?

மே 10, சனி

ஃபாதரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். நெற்றியைத் தேய்த்தார்.

"பழைய கோயில் விழுந்தப்ப, ரோட்டப் பாத்தாப்புல இருக்கட்டும்னு திருப்பிக் கட்டுனாங்களாம்மா. நாளைக்கு இதச் சொன்னா, கோயிலே ரோட்டத்தான் பாக்குதுன்னு தாமஸ் சார் பிடிச்சுக்குவாரு."

"பிடிக்கட்டும் ஃபாதர்."

ஒன்றே ஒன்று கேட்டேன். கூட்டம் பூசை முடிந்து காலையில் வேண்டாம், மாலை மூன்றரைக்கு வைக்க வேண்டும். இடம், ரோட்டைப் பார்த்த பழைய ஐந்தாம் வகுப்பு ஷீட் அறை.  சரி என்றார்.

அம்மா: "சாமியார வெயில்ல வாட்டுற பாவம் ஒனக்கெதுக்குடி?"

பிரிண்ட் மூன்று எடுத்தாயிற்று. ரீனாவின் செருப்பு இன்றும் வாங்கவில்லை.

மே 11, ஞாயிறு

மேகம் ஒரு துண்டு இல்லை. நல்லதாகப் போயிற்று. பதினான்கு பேர். மின்விசிறி சுற்றியது, சூட்டைத்தான் சுற்றிவிட்டது.

முதல் வேலையாகத் தப்பை ஒப்புக்கொண்டேன். வடக்கைத் தப்பாகப் போட்டேன், புதன்கிழமை ஃபாதர் அறையில் காட்டிய படம் தப்பு, இதோ சரியானது என்றேன்.

"கெழக்கு எதுன்னு தெரியாதவங்க வரைஞ்ச பிளானாம், கேட்டுக்கங்க" என்றார் தா.சா. எல்லோரும் சிரித்தார்கள்.

"எனக்குக் கெழக்கு சொல்லிக்குடுத்தது நீங்கதான் சார். இதே ரூம்ல, பீடத்துப் பக்கம் கையக் காட்டி."

சிரிப்பு அந்தப் பக்கம் திரும்பியது. அவர் முகம் சுருங்கிவிட்டது. கொஞ்சம் வருத்தமாகத்தான் இருந்தது, ஆனால் நிறுத்தவில்லை. மூன்று படங்களையும் கரும்பலகையில் ஒட்டினேன்.

"கோயிலுக்குக் கோணலாப் பள்ளிக்கொடமா? எந்த ஊர்லயாவது உண்டா?" என்று யாரோ கேட்டார்கள்.

"கோயிலே சூரியனுக்குக் கோணலா நிக்கிதுங்க. அதுல சாமி கும்பிடாமயா இருக்கோம்?"

ஜன்னல் வெயில் தரையில் நகர்ந்து வந்தது. தா.சா. நாற்காலியைத் தள்ளிப் போட்டார். பத்து நிமிடம் கழித்து இன்னொரு முறை. ஃபாதர் அங்கியால் விசிறிக்கொண்டார். நான் வெயிலிலேயே நின்று பேசினேன். சேலை முதுகோடு ஒட்டிக்கொண்டது.

சத்துணவு சமைக்கும் அமலி அக்கா எழுந்து, "எனக்குப் படமெல்லாம் வேணாம் தாயி. எதுல புள்ளைகளுக்கு வேர்க்காது, அதச் சொல்லு" என்றார்.

"எல்லாத்துலயும் வேர்க்கும்க்கா. மூணாவதுல கொறைவா வேர்க்கும். மயங்கி விழாது."

கை தூக்கச் சொன்னார்கள். ஃபாதர் தூக்கவில்லை, தான் நடுவர் என்றார். கோணலுக்கு எட்டு. நேருக்கு ஐந்து.

தீர்மானத்தை எழுத வேண்டியவர் தா.சா. எழுதினார். நெற்றி வேர்வை நோட்டில் சொட்டி மை கலைந்தது. கைக்குட்டையால் ஒற்றிவிட்டு, அந்த வரியைத் திரும்ப எழுதினார். பிறகு தலை நிமிராமல் சொன்னார்:

"எழுதிட்டேன். ஆனா ஊரு சிரிக்கும் செலினு."

"சிரிக்கட்டும் சார். நெழல்ல நின்னு சிரிக்கட்டும்."