ஏழாவது பாட்டு முதலாவதான கதை

என் அருமை மச்சான் குலத்துக்கு,

நீ கொழும்பில் வேலை செய்த காலத்தில், நான் எழுதும் கடிதங்களின் பிழைகளுக்குச் சிவப்புப் பேனாவால் வட்டம் போட்டு எனக்கே திருப்பி அனுப்புவாய். இதற்கு நீ வட்டம் போட முடியாது. அந்தத் துணிவில்தான் எழுதுகிறேன்.

நீ கண்ணை மூடி ஒரு வருசம். உன் ஆட்டைத் திவசம் போன கிழமை உங்கள் கொக்குவில் வீட்டில் நடந்தது. ஐயர் நேரத்துக்கு வந்தார். பாயசம் திறம். நான் இரண்டு தரம் குடித்தேன். இரண்டாவது உன் பங்கு என்று எனக்கே சொல்லிக்கொண்டேன். உன் மனிசி கமலாதான் மெலிந்துவிட்டாள். நீ போன நாளிலிருந்து அந்த வீட்டில் றேடியோகூடப் பாடவில்லையாம். சாப்பாடு முடிந்து ஆட்கள் கலைந்த பிறகு அவளே என்னிடம் வந்தாள்.

"ராசண்ணை, அவர் எப்பவும் முதலாவது எண்டு சொல்லுற பாட்டு ஒண்டு இருக்கல்லோ. அதை ஒருக்காக் கேக்கவேணும் போலை கிடக்கு."

எனக்குத் தேத்தண்ணி புரைக்கேறியது. அந்தப் பாட்டை வரிசையில் கடைசிக்குத் தள்ளியவன் நான் அல்லவா?

கப்பலில் வேலை செய்த உன் மாமா கொண்டுவந்த பாட்டுக் கசற் அது. மட்டையும் இல்லை, பெயரும் இல்லை. "ஜாஸ் றொக்" என்று மட்டும் சொன்னார். பாடுகிறவனின் பெயர் அதுதான் என்று நாங்கள் நினைத்திருந்தோம். ஏழு பாட்டு. ஆங்கிலம் விளங்காதபடியால் பெயர்களையும் நாங்களே வைத்தோம். மூன்றாவது 'துருப்பிடிச்ச கேற்', ஏழாவது 'கடைசி பஸ்'. பிடித்த வரிசையில் உனக்கு ஏழாவது முதலாவது, மூன்றாவது கடைசி. எனக்கு நேர்மாறு. என் கல்யாண வீட்டில், தலைப்பாகையோடு இருந்த என் காதுக்குள் வந்து, "இப்பவாவது ஒத்துக்கொள்ளடா" என்றவன் நீ.

அது கரண்டும் இல்லாத, பற்றரியும் கிடைக்காத சண்டைக்காலம். சைக்கிளை ஸ்ராண்டில் ஏற்றி ஒருவன் மிதிக்க, டைனமோவில் இருந்து வயர் இழுத்துத்தான் கசற் பாடும். முதல் பக்கம் நாலு பாட்டுக்கும் நீ மிதிப்பாய். பிரட்டிப் போட்டால் மற்ற மூன்றுக்கும் நான். பிறகு இடப்பெயர்வில் கசற்றும் தொலைந்தது. அதன் பின் அந்தப் பாட்டுகள் எங்கள் இரண்டு பேரின் வாயில் மட்டும்தான் இருந்தன.

கமலா கேட்டதும் என் மகள் துளசி ஃபோனை நீட்டினாள். "அப்பா, நீங்கள் பாடிக் காட்டுங்கோ. இது கண்டுபிடிக்கும்." நான் சாக்சபோனை வாயால் ஊதினேன். ஃபோன் ஒரு நாதஸ்வரக் கச்சேரியைக் காட்டியது. அடுத்த தரம் குழந்தைப் பிள்ளைகளின் பாட்டு ஒன்று. "உங்கடை சுருதிக்கு அது பயப்பிடுதப்பா" என்றாள். ஒருவாறு அகப்பட்டது. மட்டைப் படத்தை முதன்முதலாகப் பார்த்தேன். உனக்குக் காட்டத் திரும்பினேன், மச்சான். இன்னும் அப்படித் திரும்புகிறேன்.

கமலா கண்ணை மூடிக் கேட்டாள். பாட்டு முடிந்ததும் திறந்தாள்.

"இது அவர் சொன்ன பாட்டு இல்லை."

"இதுதான், கமலா."

"இல்லை. கடைசியிலை மெல்ல மெல்லக் குறைஞ்சு, நிக்கப் போறமாதிரி வந்து, பிறகு ஒருக்கா உன்னி எழும்பும். அடுப்படியிலை நிண்டு எனக்கு எத்தினை தரம் பாடிக் காட்டினவர்! இது ஒரே வேகத்திலை ஓடி முடியுது. அப்ப எனக்குப் பாடினது பொய்யோ?"

எனக்கும் குழப்பம். அந்த முடிவு எனக்கும் ஞாபகம் இருக்கிறதே. "ஓம் கமலா, அந்த இடத்திலை குலம் கண்ணை மூடிக்கொண்டு, 'என்ன மாதிரி இறக்கிறான் பாரடா' எண்டுவான். எனக்கு ரசிக்கச் சீவன் இராது. தொடை ரெண்டும் விட்டுப்போகும். 'மிதியடா மாடு' எண்டு கத்துவான், நான் ஒரு உன்னு…"



"அப்பா," என்றாள் துளசி, "மெல்லமாப் போனது பாட்டில்லை. மிதிச்ச நீங்கள்."

கமலா என் முகத்தைப் பார்த்தாள். பிறகு என் காலைப் பார்த்தாள்.

"அப்ப ராசண்ணை களைச்சதைத்தானோ இந்த மனிசன் இவ்வளவு காலமும் முதலாவது எண்டு சொன்னது?"

சேலைத் தலைப்பால் வாயைப் பொத்திப் பார்த்தாள், முடியவில்லை. சிரித்துச் சிரித்துக் கண்ணீர் வந்தது. கடைசியில் எது சிரிப்பு எது அழுகை என்று எனக்குத் தெரியவில்லை. துளசியும் விடவில்லை. "நீங்கள் மிதிச்சதெல்லாம் உங்களுக்குப் பிடிக்கேல்லை. மாமா மிதிச்சதெல்லாம் மாமாவுக்குப் பிடிக்கேல்லை. ரெண்டுபேரும் பாட்டையோ வரிசைப்படுத்தினனீங்கள், கால் நோவையோ?" இதற்கு உன்னிடம் பதில் இருந்தால் கனவில் வந்து சொல்லு.

ஃபோனில் வேகத்தைக் குறைக்க ஒரு கோடு இருக்கிறது. துளசி அதைக் காட்டித் தந்தாள். ஏழாவதை மறுபடி போட்டு, முடிவு வரும் இடத்தில் நான் விரலால் மெல்ல இழுத்தேன். எவ்வளவு இழுப்பது என்று விரலுக்குத் தெரியவில்லை. காலுக்குத் தெரிந்திருந்தது. பாட்டு நிற்கப்போன இடத்தில் கமலா கையை ஓங்கினாள். விரலால் ஒரு உன்னு உன்னினேன்.

"ஓம்," என்றாள். "இதுதான்."

அந்தப் பாட்டை நான் மிதிக்காமல், கதிரையில் சாய்ந்திருந்து கேட்டது அன்றுதான். நீ சொன்னது சரி, மச்சான். அதுதான் முதலாவது. எழுத்திலேயே தந்துவிட்டேன், வைத்துக்கொள்.

எழும்பப் போனபோது கமலா மறித்தாள். "அவர் மூண்டாவதை ஒருநாளும் ஆறுதலா இருந்து கேக்கேல்லைத்தானே? அவருக்காக நான் கேக்கிறன். போடுங்கோ."

போட்டோம். சோதனை றிசல்ற் பார்க்க வந்தவன் மாதிரி நான் அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

"நல்லாத்தான் கிடக்கு," என்றாள். "ஆனா ரெண்டாவதாயும் வைக்கேலாது."

"என்ன கதை இது, கமலா! அந்தச் சாக்சபோன்…"

"உந்தச் சாக்சபோனோ? கேற்றுக்குள்ளை ஆடு தலை மாட்டினமாதிரிக் கத்துது, ராசண்ணை!"

நான் எழும்பி நின்று வாதாடினேன். அவளும் எழும்பிவிட்டாள். துளசி, "முதல்லை தேத்தண்ணியைக் குடியுங்கோ ரெண்டுபேரும்" என்று கத்தவேண்டி வந்தது.

முதலாவதைத் தவிர மற்ற ஆறும் இன்னும் முடிவாகவில்லை. இனி ஞாயிற்றுக்கிழமைகளில் துளசியையும் கூட்டிக்கொண்டு போவேன். ஒரு இடத்திலும் இலேசில் ஒத்துக்கொள்ள மாட்டேன். கமலாவும் விட்டுத்தர மாட்டாள் என்றுதான் தெரிகிறது. அந்த வீட்டில் இனிப் பாட்டு நிற்காது. இது நான் உனக்குத் தரும் வாக்கு.

கமலாவுக்கு அண்ணை,
உனக்கு மச்சான்,
இராசன்