சனிக்கிழமைக் கூலிப் பட்டியல்

சோமனூர்,
9-11-98

அன்புள்ள மாசாணத்துக்கு,

பாலுசாமி எழுதுவது. இங்கு எல்லோரும் சுகம். உன் அம்மா பழனியாத்தாளுக்கு முட்டிவலி எப்படி இருக்கிறது?

உன் கடைக்கு இன்னும் போன் வரவில்லை என்பதால் லாரி டிரைவர் அப்துல் கையூம் கையில் இதைக் கொடுத்துவிடுகிறேன். அவசரம். கணக்கு எழுதும் சாப்ட்வேரை விற்ற டீலர் போன வாரம் வந்தார். "ரெண்டாயிரம் வருசம் பொறந்தா பழசு நின்னுபோயிருமுங்க" என்று பயமுறுத்திப் பழசை அழித்துவிட்டுப் புதுசைப் போட்டார். அதோடு நீ நாலு வருசத்துக்கு முன் எழுதிக் கொடுத்த கூலிப் பட்டியல் புரோகிராம் படுத்துவிட்டது. பட்டனைத் தட்டினால் வெறும் பேப்பர் வருகிறது. சனிக்கிழமை நம் குடோனுக்கு நெய்யும் நாற்பது தறிக்காரருக்கும் மீட்டர் கணக்கைக் கையால் போட்டதில் ஒரே சண்டை. தறி ஓட்டும் சின்னாத்தாளுக்குக் கூலி குறைந்துபோய் ஆபீஸ் முன்னாலேயே அழுதாள். டீலரைக் கேட்டால், "அதை எழுதினவரைக் கேளுங்க" என்கிறார்.

ஒரு எட்டு வந்து சரிபண்ணிப் போடு கண்ணு. லாரியில் ஐம்பது தேங்காய் வருகிறது.

அன்புடன்,
பாலுசாமி


காந்திபுரம், கோயமுத்தூர்,
10-11-98

பாலுசாமி அண்ணனுக்கு,

மாசாணம் வணக்கத்துடன் எழுதிக்கொள்வது. அம்மாவுக்கு வலி தேவலைங்க.

நான் எழுதியது தனி வீடு அல்லங்க, அந்த சாப்ட்வேர் கம்பெனிக்காரர்கள் வீட்டுச் சுவரில் சாய்த்துப் போட்ட சாய்ப்பு. புதுசில் அந்தச் சுவரையே இடித்து வேறு இடத்தில் கட்டிவிட்டார்கள். ஏனுங்க, மாற்றுவதற்கு முன் கையூம் பாயிடம் ஒரு வார்த்தை சொல்லி விட்டிருக்கக் கூடாதா?

மறுபடி எழுதப் பத்து நாள் ஆகும். அந்தப் பத்து நாள் கூலியை யார் தருவதுங்க? டீலரோ நீங்களோ, பேசி முடிவு சொல்லுங்க. உங்கள் குடோனில் ஒரு வழக்கம் உண்டே. மில்லுக்காரர் சொல்லாமல் நூலை மாற்றி, தறியில் பாவு நூல் அறுந்து துணி கெட்டால், தறிக்காரர் கூலியில் நீங்கள் பிடிப்பதில்லை. "மாத்துனவந்தான் தரோணும்" என்று மில் ஏஜெண்டிடம் வாங்கிவிடுவீர்கள். உங்களுக்கு நல்ல பேரே அதனால்தான். என்னையும் ஒரு தறிக்காரன் என்று வைத்துக்கொள்ளுங்க.

தேங்காய் வந்து சேர்ந்தது.

மாசாணம்


சோமனூர்,
12-11-98

மாசாணம்,

உன் கடிதம் படித்தேன். நம்மகிட்டயேவா கணக்குப் பேசறே? நீ படிப்பை முடித்துச் சும்மா இருந்தபோது, உன்னை நம்பிக் கம்ப்யூட்டர் வாங்கி உட்கார வைத்தவன் யார்? அன்றைக்குக் கூலி கேட்டாயா? வருசா வருசம் அரிசி, தேங்காய் என்று வண்டி ஏற்றி அனுப்பினேனே, அதெல்லாம் எதற்காம்? உங்கப்பன் ரங்கான் எங்கள் தோட்டத்தில் முப்பது வருசம் இருந்தான். களத்தில் எங்கப்பா அளந்து போட்டதை வாங்கிக்கொண்டு போவான். இவ்வளவு வேண்டும் என்று ஒரு நாள் வாய் திறந்ததில்லை.

நாளை மறுநாள் மறுபடி சனிக்கிழமை. இரண்டு தறிக்காரர் பக்கத்துக் குடோனுக்குப் போகப்போவதாகப் பேச்சு. வருகிறாயா இல்லையா?

பாலுசாமி


காந்திபுரம்,
23-11-98

பாலுசாமி அண்ணனுக்கு, மாசாணம் வணக்கம்.

பத்து நாள் என்றேன், ஒன்பதில் முடித்துவிட்டேன். முந்தாநாள் பட்டியல் சரியாக வந்தது. சின்னாத்தாள் அக்கா பேப்பரை இரண்டு தரம் பார்த்துவிட்டுச் சிரித்தார். அந்த ஒன்பது நாளும் ஒரே ஆபீசில் உட்கார்ந்திருந்தோம். கூலியைப் பற்றி நீங்களும் பேசவில்லை, நானும் கேட்கவில்லை. நேரில் நாக்கு எழவில்லைங்க. அதனால்தான் எழுதுகிறேன்.

இத்துடன் பில் இருக்கிறது. ஆறு நாளுக்குத்தான். மூன்று நாள் என் தப்புக்கு. அந்த சாப்ட்வேரில் வேறு எதற்கோ வைத்திருந்த இடத்தில், உங்களிடமும் சொல்லாமல் தறி நம்பரைப் போட்டு வைத்திருந்தேன். மாற்றினால் உடையும் என்று அன்றே சொல்லியிருக்க வேண்டும். மிச்சத்தை டீலரிடம் வாங்குவீர்களோ நீங்களே தருவீர்களோ, அது உங்கள் பாடுங்க.

அப்பா வாய் திறந்ததில்லை என்று எழுதியிருந்தீர்கள். நிசந்தான். வீட்டுக்கு வந்து அம்மாவிடம் கேட்பார், "இது பத்துமா பழனி?" என்று. அதைக் கேட்டு வளர்ந்தவனுங்க நான். உங்கள் மனசில் கள்ளமில்லை, எனக்குத் தெரியும். ஆனாலும் தேங்காய் மூட்டையைப் பார்க்கும்போதெல்லாம் நெஞ்சு எரிகிறது. வரும்போதே திருப்பிக் கொண்டுவந்துவிட்டேன், ஐம்பதும் உங்கள் ஆபீஸ் மூலையில் இருக்கின்றன. இனி அனுப்ப வேண்டாம்.

மாசாணம்


சோமனூர்,
2-12-98

அன்புள்ள மாசாணத்துக்கு,

பில்லைப் பார்த்ததும் கிழித்துப் போடத்தான் கை போனது. ஒரு வாரம் டிராயரில் கிடந்தது. நடுவில் டீலரைப் போய்ப் பிடித்தேன். "புதுசு வேணும்னு கையெழுத்துப் போட்டது நீங்கதானுங்களே" என்று காகிதத்தைக் காட்டினார். மாற்றியவன் நான். எங்கள் குடோன் வழக்கப்படி நான்தான் தர வேண்டும். செக் இத்துடன் இருக்கிறது. தேங்காயைத் தறிக்காரர்கள் வீட்டுக்குக் கொண்டுபோனார்கள்.

செக்கைக் கணக்குப்பிள்ளையிடம் கொடுக்காமல் நானே எழுதினேன். பில்லின் தலையில் "ரங்கசாமி கம்ப்யூட்டர்ஸ்" என்று இருந்தது. உன் கடைக்கு இதுதான் பேர் என்று நாலு வருசமாக எனக்குத் தெரியாது, நானும் கேட்டதில்லை. எங்கப்பா வயசு உங்கப்பாவுக்கு. நான் டவுசர் போட்ட காலத்திலிருந்து அவரை ரங்கா, வாடா, போடா என்றுதான் கூப்பிட்டேன். முழுப் பேரை இப்போதுதான் முதல் தடவையாக எழுதுகிறேன். எழுத்துச் சரியா என்று ஒரு தரம் படித்துப் பார்த்துத்தான் கையெழுத்துப் போட்டேன். போன கடிதத்தில் அவரைப் பற்றி நான் எழுதியது தப்பு.

செக்கைப் பாங்கில் போட்டதும் கையூம் கையில் ஒரு வரி எழுதி விடுங்க.

பாலுசாமி